பேசக்கூடாத மாதங்களில் நான் ஜெபித்த விதம்

தானியேலு,

நீ போய்ச் சேர்ந்துவிட்டதாக எழுதிய கார்டு நேற்று வந்தது. குளிர் ஜாஸ்தி என்று எழுதியிருக்கிறாய். அப்பாவின் கம்பளிச் சட்டையை உன் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். எடுத்துப் போட்டுக்கொள். உனக்குத் தோளில் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை.

ரயில் புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "எனக்கு ஜெபம் வரலம்மா. வாயைத் திறந்தா பொய் சொல்ற மாதிரி இருக்கு" என்றாய். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நகராமல் இருந்திருந்தாலும் அந்த இரைச்சலில் என் குரல் உனக்குக் கேட்டிருக்காது. நான் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். அம்மாவுக்குக் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டு போயிருப்பாயோ என்று அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. கோபம் இல்லை, கண்ணு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இது நீளமாகப் போகும். வேலை முடிந்து வந்து ஆற அமரப் படி.

அப்பாவை அடக்கம் பண்ணிய அடுத்த வாரம் நம் வீட்டுக் கூடத்தில் நடந்த ஜெபக்கூட்டம் உன் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். போதகர் ஐயா, "இப்போது மூத்த மகன் நம்மை ஜெபத்தில் நடத்துவார்" என்று சொன்னார். எல்லோரும் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை. வெளியே ஜட்கா போகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை சிணுங்கியது. கடைசியில் உன் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தானாகவே ஆரம்பித்துவிட்டார். பிறகு சாப்பாட்டுப் பந்தியில், "பெத்த அப்பனுக்காக ரெண்டு வார்த்தை வரல பாரு இவனுக்கு" என்று அவர் சொன்னது உன் காதில் விழுந்தது. நீ பாதி இலையில் எழுந்துவிட்டாய். நான் சாம்பார் வாளியோடு அங்கேதான் நின்றேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குத் தம்பி போன துக்கம். ஆனால் வார்த்தை வராததற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான் என்று அவர் நினைக்கிறார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

என் குரல் பிறந்ததிலிருந்தே இப்படித் தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி இருந்தது என்று நீ எண்ணியிருப்பாய். விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ கேட்டது இதைத்தான். உனக்கு நாலு வயதாகும் வரைக்கும் எனக்கு வேறு குரல் இருந்தது. நம் சபைக் கோயிலில் பாட்டுக்கு எடுப்பு நான்தான் கொடுப்பேன். யார் வீட்டில் பிரசவ வலி என்றாலும், யாருக்கு ஜுரம் என்றாலும், "ஸ்டேஷன் கிளார்க் சம்சாரத்தைக் கூப்பிடுங்க, அந்தம்மா நல்லா ஜெபம் பண்ணுவாங்க" என்று ஆள் அனுப்புவார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். மடை திறந்த மாதிரி வரும் வார்த்தை. அழாதவர்கள்கூட அழுதுவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா சிரித்துக்கொண்டே கேட்பார், "இன்னிக்கு எத்தனை பேரை அழ வச்சே?" என்று. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதலில் தொண்டை கட்டியது. பனி என்று நினைத்தேன். பிறகு எச்சில் விழுங்கினாலே ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. அப்பா என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா, உயரமாக இருப்பாள். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள், நெஞ்சைப் படம் எடுத்தாள். டி.பி. நெஞ்சில் கொஞ்சம், தொண்டையில் அதிகம். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஆனால் புது ஊசி வந்துவிட்டது, பிழைக்கலாம் என்று சொன்னாள். அதோடு ஒரு நிபந்தனை போட்டாள். அவள் பேசுகிற புத்தகத் தமிழ் இன்னும் என் காதில் இருக்கிறது. "நீங்கள் பேசக் கூடாது. மெதுவாகவும் பேசக் கூடாது. ரகசியம்கூடப் பேசக் கூடாது. நான் சொல்லும் வரைக்கும்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மற்ற கட்டடங்களிலிருந்து தள்ளி, ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன வார்டு இருந்தது. ஓர் அறைக்கு இரண்டு கட்டில். என்னை அங்கே சேர்த்தார்கள். வேண்டியதை எழுதிக் காட்ட ஒரு பள்ளிக்கூடத்து சிலேட்டும் பலப்பமும் கொடுத்தார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள வேட்டவலத்திலிருந்து அத்தை வந்தாள். உன்னை என் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பேச்சு இல்லாவிட்டால் என்ன, மனசுக்குள்ளே ஜெபித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை, தானியேலு. குரல் இருந்தபோது ஒரு வார்த்தை அடுத்த வார்த்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். இப்போது இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ சாப்பிட்டாயா, அத்தை உனக்குத் தலை வாரினாளா, நான் செத்துப்போனால் அப்பா வேறு கல்யாணம் பண்ணுவாரா என்று மனசு எங்கெங்கேயோ ஓடியது. எதை ஆரம்பித்தாலும் 'என்னைச் சாக விட்டுடாதே' என்பதில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதையே நாள் முழுவதும் சொன்னால் அது ஜெபமா, பயமா? பயம்தான். இத்தனை நாள் நான் வார்த்தையைத்தான் வைத்திருந்தேனா, விசுவாசம் என்று ஒன்று இருக்கவே இல்லையா என்று நினைத்தபோது, டி.பி. என்று கேட்டபோதுகூட வராத நடுக்கம் வந்தது.

ஒரு காலையில் கையில் சிலேட்டு இருந்தது. நர்ஸிடம் தண்ணீர் கேட்டு எழுதியதைத் துடைத்துவிட்டு, சும்மா உன் காதை வரைந்தேன். எனக்கு வரையத் தெரியும் என்று சொல்ல முடியாது. கோலம் போட்ட கை, அவ்வளவுதான். உன் இடது காது மடலில் ஒரு சின்ன மடிப்பு உண்டே, அது சரியாக வரவில்லை. அழித்தேன். மறுபடி போட்டேன். அந்த மடிப்பு எப்படி வளைகிறது என்று யோசித்து யோசித்து, காதுக்குப் பின்னால் சுருண்டிருக்கும் முடியையும் போட்டு நிமிர்ந்தபோது வெயில் கட்டில் காலுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் நான் ஒன்றுமே கேட்கவில்லை. பயப்படவும் இல்லை. உன்னைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த மாதிரி, அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அது யார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மத்தியானம் நர்ஸ் வந்து சிலேட்டைத் துடைத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை, சிலேட்டு துடைக்கத்தானே. நான் தேம்பித் தேம்பி அழுதேன். சாயங்காலம் அப்பா வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றபோது, "என் பிள்ளையைத் துடைத்துவிட்டார்கள்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் வரும்போது கட்டம் போடாத ஒரு நோட்டும், தேரடியில் வாங்கிய ஒரு பெட்டி கலர் பென்சிலும் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினார்.

அன்றிலிருந்து தினமும் ஊசி போட்டு முடிந்ததும் நோட்டைத் திறப்பேன். வேதத்தில் அன்றைய பகுதியை வாசித்து, அதில் மனதில் தங்குகிற ஒரே ஒரு வார்த்தையைப் பக்கத்தின் மேலே எழுதுவேன். கிணறு. அப்பம். வாசல். அவ்வளவுதான். பிறகு அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே கை போனபடி வரைவேன். கிணறு என்று எழுதிய நாளில் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் துணி துவைக்கிறவளைப் போட்டேன். அவள் பேர் தெரியாது. அவள் புடவையை முறுக்கிப் பிழிகிறதைப் போட்டு முடித்தபோது அவளுக்காக ஜெபித்திருந்தேன். யாருக்காவது ஜெபிக்க வேண்டும் என்றால் அவர்கள் கையைப் போடுவேன். முகம் எனக்கு வராது. கறுப்புப் பென்சில்தான் முதலில் தீர்ந்தது.

போதகர் ஐயா ஒரு நாள் அப்பாவோடு வந்தார். ஜன்னல் வழியாகவே நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குச் சங்கடமாக இருந்தது. "படம் போடறது நல்லதுதாம்மா, பொழுது போகும். ஆனா ஜெபம்னா வாயைத் திறந்து கேக்கணும் இல்லையா?" என்றார். என்னால் என்ன சொல்ல முடியும்? அப்பாதான் சொன்னார், "அவ வாய்க்குத்தான் பூட்டு போட்டிருக்காங்க, ஐயா." போதகர் சிரித்துவிட்டார். போகும்போது, "எனக்கும் ஒரு கை போடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கட்டிலில் இருந்தவளைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. அவள் பேர் விசாலம். பெரிய கோயில் குருக்கள் ஒருவரின் சம்சாரம். என் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரிச் சோற்றைத் தொட மாட்டாள், வீட்டிலிருந்து அடுக்கில் சாப்பாடு வரும். அவளுக்கு நெஞ்சில் மட்டும்தான் டி.பி., பேசத் தடை இல்லை. பேசினாள். விடிந்ததிலிருந்து பேசினாள். மாமியார், ஓரகத்தி, தெருவில் யார் வீட்டு மாடு கன்று போட்டது எல்லாம் எனக்கு மனப்பாடம். "பதில் பேசாதவாகிட்ட பேசறது எவ்வளவு நிம்மதி தெரியுமோ?" என்பாள். நான் நோட்டைத் திறந்தால் அவளும் கட்டிலில் சாய்ந்து எட்டிப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். திட்டுவதற்கும் குரல் கிடையாது.

ஒரு நாள் அவள் கேட்டாள், "எல்லாம் போட்டிருக்கே. மரம் போட்டிருக்கே, காம்பவுண்டு சுவர் போட்டிருக்கே, அதுக்கு மேல வெறும் வெள்ளையா விட்டிருக்கே. மலை எங்கேடி?"

அவள் சொன்னது சரி. எங்கள் ஜன்னலில் பாதி மலைதான். நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நீ, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் நடுவில், நான் அதை ஜெப நோட்டில் வரைந்தால் அது என்ன ஆகும்? நான் சிலேட்டை எடுத்து, "அது உங்க சாமி" என்று எழுதிக் காட்டினேன்.

விசாலம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். "எங்க சாமிதான், யார் இல்லேன்னா? ஆனா உங்க ஊழியக்காரா பஜார்ல நின்னுண்டு வானம், பூமி, மலை எல்லாம் எங்க சாமி பண்ணினதுன்னுதானே சொல்றா? நானே கேட்டிருக்கேன். அப்படின்னா அவர் பண்ணினதைப் போட உனக்கு என்ன பயம்?"

அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். மறுநாள் மலையை வரைந்தேன். அவள் கும்பிடுகிற மலை அவளுக்கு. நான் வரைந்தது தீயில் கருகிய புல்லும், ஆடு ஏறுகிற ஒற்றையடிப் பாதையும், மேலே தங்கி நிற்கிற மேகமுமாக இருந்த மலை. இதை இப்படிச் செய்தவரே என்று சொல்லிக்கொண்டே பச்சையைத் தீட்டினேன். ஜன்னலில் இருந்ததைப் பார்க்காத மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு இவ்வளவு நாள் ஜெபித்தேனே என்று வெட்கமாக இருந்தது. விசாலம் பார்த்துவிட்டு, "உச்சியை இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று திருத்தம் சொன்னாள்.

கார்த்திகை நெருங்கியது. கோயிலில் திருவிழா வேலை, அவள் வீட்டுக்காரரால் வர முடியவில்லை. சாப்பாடு மட்டும் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். விசாலத்தின் பேச்சு கம்மியாகிக்கொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. இருமினால் துணியில் ரத்தம் வந்தது. அவள் பேசாத அறையில் இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. அவள் சளசளப்பு எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மத்தியானம் அவளாகவே கூப்பிட்டாள். "உன் சாமிகிட்ட என்னைப் பத்தியும் போடேன். இருமாம இருக்கற மாதிரி போடு."

முகம் வராது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவள் முகத்தைப் போட்டேன். கட்டிலைத் திருப்பிப் போட்டு அவளைப் பார்த்துப் பார்த்து, இரண்டு பக்க மூக்குத்தி, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழிகிற கன்னம் எல்லாம் போட்டேன். ஒரு மனுஷியை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தபிறகு அவள் மேல் எரிச்சல் வைத்துக்கொள்ள முடியாது, தானியேலு. இவளைப் பிழைக்க வை, இவளைப் பிழைக்க வை என்று ஒவ்வொரு கோட்டுக்கும் கேட்டேன்.

அவள் பிழைக்கவில்லை. தீபத் திருவிழா முடிந்து சில நாளில், காலை ஊசிக்கு முன்னாலேயே போய்விட்டாள். மறுநாள் நோட்டைத் திறந்தேன். வார்த்தை எதுவும் எழுதவில்லை. சுருட்டி வைத்த மெத்தையோடு அந்தக் காலிக் கட்டிலைப் போட்டேன். ஆண்டவர் மேல் எனக்கு இருந்த கோபத்தையும் அந்தப் பக்கத்திலேயே போட்டேன், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அழுத்தி. நீ பொய் சொல்ற மாதிரி இருக்கிறது என்றாயே, அந்தப் பக்கத்தில் பொய் இல்லை.

அவள் வீட்டுக்காரர் அவளுடைய செம்பையும் போர்வையையும் எடுத்துப் போக வந்தார். மெலிந்த மனிதர். வாசலிலேயே நின்றார். நான் அவள் முகத்தைப் போட்ட படத்தை நோட்டிலிருந்து பிரித்துக் கட்டில் விளிம்பில் வைத்து, கையைக் காட்டினேன். அவர் எடுத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இவ சிரிச்சு நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு. இங்கே சிரிச்சாளா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "நன்னா சிரிச்சாளா?" மறுபடி ஆட்டினேன். மேல்துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் குரல் இருந்திருந்தால் ஆறுதல் சொல்கிறேன் என்று என்னென்னவோ பேசி அந்த நேரத்தைக் கெடுத்திருப்பேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் அழுது முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் ஆயுளில் நான் பண்ணிய நல்ல ஜெபம் அது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாம்பழம் வரத்து ஆரம்பித்தபோது என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. வாசலில் நின்று "தானியேலு" என்று கூப்பிட்டேன். நீ அலறிக்கொண்டு அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்தாய். நாள் கணக்காக என் கிட்டே வரவே இல்லை. "விடு, பழகிடுவான்" என்றார் அப்பா. நான் உன்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். முதலில் தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாய். பிறகு இந்தப் பக்கம் வந்தாய். ஒரு காலையில் என் மடிமேல் முழங்கையை ஊன்றி, பெட்டியிலிருந்து சிவப்பை எடுத்து, நான் போட்டிருந்த வாசல்படி மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கினாய். "இது என்னடா?" என்று கேட்டேன். குரலைக் கேட்டு நீ ஓடவில்லை. "மல்லாட்டை மூட்டை. அப்பா ஸ்டேஷன்ல இருக்கு" என்றாய், ரயிலில் ஏற்ற அடுக்கியிருக்கும் நிலக்கடலை மூட்டையை. அப்பாவுக்காக நீ பண்ணிய முதல் ஜெபம் அதுதான். எந்த ஜெபமும் உனக்கு அப்போது சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இவ்வளவையும் எழுதியது நீயும் பென்சில் வாங்கி வரைய வேண்டும் என்பதற்காக இல்லை. உனக்கு அது வராது, எனக்குத் தெரியும். ஜெபக்கூட்டத்துக்கு மறுநாள் காலையில் நீ அப்பாவின் நாற்காலியைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனாய். உட்காருகிற இடத்தில் அறுந்துபோன பிரம்பையெல்லாம் பிரித்து, புதுப் பிரம்பை ஊறவைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கும் வராமல் பின்னிக்கொண்டிருந்தாய். இனிமேல் அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நான் கேட்க வந்தேன். சமையற்கட்டு வாசலில் நின்று உன் கையைப் பார்த்தேன். கேட்காமல் திரும்பிவிட்டேன். உன் பெரியப்பா அதைப் பார்த்திருந்தால் முந்தின நாள் பந்தியில் சொன்னதற்கு வருத்தப்பட்டிருப்பார். உனக்கு வார்த்தை வரும்போது வரட்டும். வராதபோது கை எதைப் பிடிக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டவர் முன்னால் உட்கார். கோபம் இருந்தால் கோபத்தோடு உட்கார். எழுந்து மட்டும் போய்விடாதே.

எனக்கும் சுலபமாக இல்லை. அப்பா போனதிலிருந்து நோட்டைத் திறப்பேன், மூடுவேன். அவரை வரைய உட்கார்ந்தால் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்துவிடுகிறேன். முந்தாநாள் அவருடைய காக்கிச் சட்டையை மட்டும் வரையலாம் என்று ஆரம்பித்தேன். பையில் எப்போதும் சொருகியிருக்கும் பேனாவைப் போட்டேன். நேற்றுப் பித்தான்களைப் போட்டேன். இன்றைக்குக் காலர் வரைக்கும் வந்திருக்கிறேன்.

உன் அம்மா